திரும்ப ஏறும் தண்ணீர்

மல்லாவி ஆஸ்பத்திரி, ஆண்கள் வாட்டு, இரவு இரண்டு மணி.
கேத்தில் கொதிக்கிறது.
அடியில் வெள்ளைப் பொருக்கு:
திங்களன்று தேசிக்காய்ப் புளி விட்டுச் சுரண்டினாலும்
வெள்ளிக்கிழமைக்குள் திரும்பப் படிந்துவிடும்
எங்கள் கிணறுகளின் கல்.

எட்டாம் கட்டிலில் தவபாலன், நித்திரை இல்லாமல்.
வவுனிக்குளத்தில் இருபத்தாறு வருஷம் துருசு திறந்தவர்.
"இந்தச் சுண்ணாம்பைக் குடிச்சுத்தானோ மிஸ்ஸி
என்ரை நெஞ்சு பழுதாப் போச்சு?"
இல்லை என்றேன்.
கல் ஒன்றுதான். கணக்கு வேறு.

திரையில் பச்சைக் கோடு:
ஒழுங்காக நாலு. முந்திக்கொண்டு ஒன்று.
பிறகொரு நீண்ட வெறுமை,
அதில் நானும் மூச்சை நிறுத்திக்கொள்கிறேன்.

சொல்லத் தொடங்கினேன். அவருடைய சொற்களில்தான் முடிந்தது.

இதயத்தின்ரை ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு குளம் இருக்கு, அண்ணை.
தண்ணிக்குப் பதில் கல்சியம்.
வயல் காய்ந்தே கிடக்க வேணும்:
வேலிக்கு வெளியே பத்தாயிரம் என்றால் வயலில் ஒன்று.
மின்சாரம் வந்து தட்டும்.
வேலியோரத்துச் சின்னக் கதவு திறந்து
கைப்பிடியளவு உள்ளே வரும்.
அந்தக் கைப்பிடி போய்த்தான்
குளத்தின் துருசைத் திறக்கும்.

"தண்ணி போய்த் தண்ணியைக் கூப்பிடுதோ?"

ஓம்.
பிறகு வயல் முழுக்க வெள்ளம்.
நார்கள் ஒன்றையொன்று பற்றி இழுக்கும்.
அதுதான் ஒரு அடிப்பு.

நெடுநேரம் கூரைத் தகட்டைப் பார்த்துக் கிடந்தார்.
"திறக்கிறது பெரிய வேலையில்லை.
சிறுபோகத்துக்குத் திறந்துவிட்ட தண்ணி
வாய்க்கால் தாண்டினா பாலியாத்துக்குத்தான்.
அதைத் திரும்பக் குளத்துக்கு ஆர் ஏத்துறது?"

நான் படித்த வகுப்பில்
ஒருவரும் இதைக் கேட்கவில்லை.

ஏத்துறதுக்கு ஆள் இருக்கு, அண்ணை.
குளக்கட்டு நெடுக இறைக்கிற ஆட்கள்.
ஒரு கூலிக்கு இரண்டு துணிக்கை.
கூலி இல்லாட்டி ஒன்றும் ஏறாது.
வெளியிலிருந்து வந்த கைப்பிடியையும்
வைத்துக்கொள்ள மாட்டினம்:
மூன்று சோடியத்தை உள்ளே எடுத்து
ஒரு கல்சியத்தை வெளியே தள்ளிக்
கணக்கை முடிப்பினம்,
அடுத்த அடிப்புக்கு முன்னம்.
ஒரு நாளைக்கு லட்சம் தரம்.

சொல்லாமல் விட்டதும் ஒன்று.
பொக்கணையில், பதினேழு வயதில்,
சீலை கிழித்துக் கட்டுப்போடப் பழகிய கிழமை,
ஒருவருடைய மூடிய விரல்களைத் திறக்கப் பார்த்தேன்.
உள்ளே சாவிக்கொத்து. ஏதோவொரு வீட்டுடையது.
விரல்கள் விடவில்லை.
எவ்வளவு ஆசையாய்ப் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன்.
அவர் பிடித்திருக்கவில்லை.
விடுவதற்குக் கூலி கொடுக்க
உடம்பில் ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

"அப்ப என்ரை துருசு ஒழுகுது," என்றார்,
நான் சொல்ல முதலே.
ஒழுகுது. இறைக்கிற ஆட்களும் களைச்சுப் போச்சினம்.
"நாங்களெண்டால் சாக்கும் களிமண்ணும் வைச்சு அடைப்பம்."
எங்களிடம் இருப்பது காலையில் அரைக் குளிசை,
அவசரப்படுத்துகிறவர்களைக் கொஞ்சம் அமத்தி வைக்க.
சிரித்தார். மூச்சு முட்டாமல்
சிரிக்கப் பழகியிருந்தார்.

தேத்தண்ணி ஊற்றினேன், அளந்துதான்.
குளத்தையே அளந்து விட்ட மனுஷனுக்கு
நாளுக்கு ஒன்றரை லீற்றர், கட்டில் தலைமாட்டில் எழுதியிருக்கிறது.
பாதி குடித்தார்.
மீதியைப் பீரிசால் மூடி
அலுமாரிக்கு மேலே, கைக்கு எட்டும் தூரத்தில் வைத்தார்.
"விடியக்காலமைக்கு."

கோடு ஓடியது:
ஆறு, ஏழு, எட்டு,
முந்திக்கொண்டு ஒன்று.